அடிக்கு முன்னால் படத்தை நிறுத்துகிறவர்

எங்கள் டெப்போவில் டயர் கிடங்காக இருந்த அறையைத்தான் பயிற்சி வகுப்பாக மாற்றினார்கள். டயர்களை வெளியே உருட்டிவிட்டு முப்பது நாற்காலி போட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னல் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மழையோ வெயிலோ உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ரப்பர் வாடை மட்டும் பன்னிரண்டு மாசமும் இருக்கும். அந்த அறையில் ஒரு மனுஷர் பதினான்கு வருஷம் உட்கார்ந்து, பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் டிக்கெட் கொடுக்கிறவர்களுக்கும் சினிமா போட்டுக் காட்டி, கையை ஓங்காமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அவரைப் படவாத்தியார் என்போம்.

நான் அதே டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதுகிற வேலை. என் கவுண்டருக்கு நேர் எதிரே அவருடைய அறைக் கதவு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அதைத் திறந்துகொண்டு வந்து, வாசலில் நின்று, வெளியே போகிற வண்டிகளைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவரும் கண்டக்டராக இருந்தவர்தான், அதுவும் வேலையை ரசித்துச் செய்தவர். கூட்டத்துக்குள் மீன் மாதிரி நுழைந்து வருவார். எந்தத் திருப்பத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவர் இடுப்புக்குத் தெரியும். கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். ஒரு நாள் காலையில் படியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு ஆளை உள்ளே ஏறச் சொன்னார். மூன்று தடவை சொன்னார். அந்த ஆள் அவருடைய அம்மாவை இழுத்துப் பேசினான். வண்டி ஸ்டாப்பில் நின்ற நேரம், இவர் அவன் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அவன் நடைபாதையில் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது.

"விழுந்த சத்தம் சின்னதாத்தான் கேட்டுச்சு," என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஏதோ பை விழுந்த மாதிரி. ஆனா அது இன்னும் என் காதை விட்டுப் போகல."

விசாரணை நடந்தது. மூன்று மாசம் சஸ்பெண்ட். அது முடிந்ததும், மறுபடி பஸ் ஏறுவதற்கு முன்னால் 'வன்முறையற்ற நடத்தைப் பயிற்சி' என்று ஒரு வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். ரிட்டையர் ஆன ஒரு அதிகாரி வந்து விதிப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பார். இருபது பேர் தூங்குவார்கள். இரண்டாம் நாள் மேனேஜர் எட்டிப் பார்த்து, "எப்படிய்யா போகுது?" என்றாராம். நம்ம ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதுக்கு ஒரு படம் போட்டாலாவது முழிச்சிருப்போம் சார்" என்றார்.

"அப்படியா, அப்போ நீயே போடு," என்றார் மேனேஜர். "மூணு மாசம் நடத்திப் பாரு. அப்புறம் வண்டியில ஏறிக்கோ."

அந்த மூன்று மாசம்தான் பதினான்கு வருஷமாக நீண்டது.

முதல் வகுப்புக்கு அவர் பழைய டிவி ஒன்றையும், அடிக்கடி சிக்கிக்கொள்கிற ஒரு பிளேயரையும் வாங்கி வந்தார். போட்ட படத்தில் ஒரு குறுகலான பாலம். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. டிரைவர்கள் இறங்கிக் கத்துகிறார்கள். ஒருவன் கையை ஓங்குகிறான். சரியாக அந்த இடத்தில் பிளேயர் நின்றுவிட்டது. முஷ்டி அந்தரத்தில் நிற்கிறது. அறையில் கூச்சல். இவர் பிளேயர் முதுகைத் தட்டிக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒரு டிரைவர், "ரிவர்ஸ் எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். "யாரு எடுக்கணும்? இவன்தான் முதல்ல பாலத்துல ஏறினவன்" என்றார் இன்னொருவர். பத்து பேர் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில், தலை நரைத்த ஒரு டிரைவர் எழுந்து சொன்னார்: "எறங்கவே கூடாதுய்யா. வண்டியை விட்டு எறங்கினதுதான் தப்பு. எறங்கிட்டா அப்புறம் கை சும்மா இருக்காது."

அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பிளேயர் சரியான பிறகு யாருக்கும் மிச்சப் படம் தேவைப்படவில்லை.

அதிலிருந்து அதுவே அவர் முறையானது. அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்துவார். விளக்கைப் போடுவார். "இப்ப என்ன பண்ணலாம்?" என்பார். அவ்வளவுதான். பதிலை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் படத்தில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு நோட்டில் நிமிஷம், நொடி போட்டு எழுதி வைத்திருந்தார். கல்யாண வீட்டுச் சண்டை, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, ஆஸ்பத்திரி வரிசைச் சண்டை, எல்லாவற்றுக்கும் அவரிடம் படம் இருந்தது. டெப்போவில் அந்த வகுப்புக்குப் 'படம் பார்க்கிற தண்டனை' என்று பெயர். ஆனால் புகார்க் கடிதங்களை வைக்கிற அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது மெலிந்துகொண்டே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள், பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு, ஜன்னல் இருந்திருக்க வேண்டிய சுவரில் மாட்டினார்கள். அவர் வருஷா வருஷம் 'என்னைப் பஸ்ஸுக்கு அனுப்புங்கள்' என்று மனு எழுதினார். வருஷா வருஷம் 'தங்கள் சேவை இப்பிரிவுக்கு இன்றியமையாதது' என்று பதில் வந்தது. ஒரே வாசகம், தேதி மட்டும் மாறும்.

வேலையில்தான் இப்படி என்றால், வெளியிலும் அவரை யாரும் சாதாரண மனுஷனாக இருக்க விடவில்லை. டீயில் சர்க்கரை இல்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தினால், "வாத்தியாரே, அங்கயே நிறுத்துங்க. இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேண்டீனே சிரிக்கும். அவரும் சிரித்துவிடுவார். யாராவது வரிசையில் அவரைத் தாண்டிப் போய் நின்றாலும் சிரிப்பு. அவர் சீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்தாலும் சிரிப்பு. அகிம்சைக்காரர் என்று பெயர் வாங்கியவர் கோபப்பட்டால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம், முகத்தில் முகமூடி மாதிரி ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. தங்கமான மனுஷர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியாது. அப்பா விட்டுப்போன வீடு. கீழே தம்பி குடும்பம், மாடியில் இவரும் மனைவியும். மாடிப்படி வீட்டின் பக்கவாட்டில் இறங்கிச் சந்தில் முடியும். தம்பி ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர்; பழைய ஃப்ரிட்ஜ்களைப் படிக்கட்டுக்கு அடியில் போட்டு வைப்பார். ஒரு தடவை அதிலிருந்து செம்புக் குழாய் எல்லாம் திருட்டுப் போனது. தம்பி படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கேட் போட்டு, பூட்டுப் போட்டு, அண்ணனுக்கும் ஒரு சாவி கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் பூட்டு மாறியது. புதுப் பூட்டுக்கு அண்ணனுக்குச் சாவி வரவில்லை. கேட்டதற்கு, "நான்தான் வீட்லயே இருக்கேனே, தொறந்து விடறேன்" என்றார் தம்பி.

அண்ணன் சிரித்துவிட்டு மேலே போய்விட்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தம்பி எழுந்திருப்பதோ ஆறரைக்கு. அந்த அம்மா தினமும் ஐந்தேகாலுக்குக் கையில் சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு உள்பக்கம் நின்று, கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட வேண்டும். கொழுந்தன் மனைவி தலையை வாரி முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்து திறந்துவிட்டுப் போவார். சில நாள் வர இருபது நிமிஷம் ஆகும். இரண்டு வருஷம் இப்படி.

"ஊருக்கெல்லாம் படம் போடறீங்க," என்று மனைவி ஒரு தடவை சொன்னாராம். "நம்ம வீட்டுப் படம் மட்டும் ரெண்டு வருஷமா நின்னுட்டே இருக்கு."

அவர் அதற்கும் சிரிக்கப் பார்த்திருக்கிறார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் ஸ்பேனர் அக்கா வகுப்புக்கு வந்தார். எங்கள் டெப்போவின் பெண் டிரைவர்களில் மூத்தவர். பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்திவிட்டு நகர மாட்டேன் என்றவனிடம் பத்து நிமிஷம் ஹாரன் அடித்துப் பார்த்து, அப்புறம் ஸ்பேனரோடு இறங்கிப் போய் அவன் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டார். தண்டனை, ஒரு வாரம் படம் பார்ப்பது.

அன்றைக்கு வாத்தியார் போட்டது அவருக்கு ரொம்பப் பிடித்த படம். எட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்வீட்டுக்காரன் தினமும் அழுக்குத் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறான். அது கீழ்வீட்டுப் பெண் உலர்த்திய துணிமேல் விழுகிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி துவைக்கிறாள். கடைசியில் ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விடுகிறாள். மேல்வீட்டுக்காரன் வெறும் கொடியைப் பார்த்துத் தலை குனிகிறான். அந்த இடத்தில் வகுப்பில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.

"இந்தப் பொண்ணுகிட்ட நாம என்ன கத்துக்கலாம்?" என்று கேட்டார் வாத்தியார்.

"பொறுமை" என்றார்கள் நாலைந்து பேர்.

ஸ்பேனர் அக்கா கையைத் தூக்கினார். "சார், தெரியாமத்தான் கேக்கறேன். இவ பொறுமைசாலியா, பயந்தாங்கொள்ளியா? வெளியில இருந்து பாத்தா எப்படித் தெரியும்?"

"அடிக்கல, திட்டல. அதுதானே முக்கியம்?"

"அடிக்கலதான். ஆனா ஒரு தடவையாவது மேல போய், 'இப்படி ஊத்தாதே, எனக்குக் கஷ்டமா இருக்கு'ன்னு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாளா? சொல்லவே இல்லையே. அவனுக்கு வெறும் கொடிதான் மிச்சம். அவளுக்கு வீடே போச்சு. இதுல எங்க சார் சண்டை தீர்ந்துச்சு? நான் கண்ணாடியை ஒடச்சது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா இவள மாதிரி இருன்னு சொன்னா என்னால முடியாது சார்" என்றார்.

வாத்தியார் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தாராம். பிறகு வகுப்பை மூன்றரைக்கே முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்து அப்படி முடித்தது அதுதான் முதல் தடவை. என் கவுண்டருக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் கேட், பூட்டு, மனைவி கம்பியைத் தட்டுவது எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன் இத்தனை நாளா தம்பிகிட்ட பேசல?" என்றேன்.

"பேச ஆரம்பிச்சா கை நீண்டுடுமோன்னு பயம்," என்றார். "ஒரு தடவை தள்ளினவன் நான். அந்த அறைக்குள்ள உக்காந்து உக்காந்து, கையைக் கட்டற வித்தை வந்துடுச்சு. கூடவே வாயையும் சேத்துக் கட்டிட்டேன் போல."

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. "கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?" என்றார். குரல் அவர் குரல் மாதிரி இல்லை. "தம்பி குடும்பத்தோட மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான். கேட் பூட்டியிருக்கு. சாவி அவன்கிட்ட. போன் பண்ணினா, 'மறந்துட்டேண்ணா, சாயந்தரம் வந்துடறேன்'கிறான்."

டெப்போ மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, பூட்டு வெட்டுகிற பெரிய கட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். சந்துக்குள் நுழைந்ததும் கண்ட காட்சி இன்னும் மறக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, கடைசிப் படியில், வேலை உடையில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். மடியில் சாப்பாட்டுப் பை. அவருக்குப் பின்னால் வாத்தியார். கையில் ஒரு இரும்புக் கம்பி. கேட் ஓரமாகத் தம்பியின் ஸ்கூட்டர், கம்பியை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். அவர் கண் அந்த ஸ்கூட்டரின் விளக்கின்மேலேயே இருந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

மெக்கானிக் கட்டரை எடுத்தார். "வெட்டிடவா?"

"இருங்க," என்றார் வாத்தியார். கம்பியைச் சுவரோரம் சாய்த்தார். போனை எடுத்துத் தம்பிக்கு மறுபடி போட்டார். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"தம்பி, நான் சொல்றதைக் குறுக்கே பேசாம கேளு. நான் ரொம்பக் கோபமா இருக்கேன். இன்னைக்கு மட்டும் இல்ல, ரெண்டு வருஷமா. உங்க அண்ணி தினமும் ஜெயில்ல நிக்கற மாதிரி இந்தக் கம்பிக்குப் பின்னால நிக்கறா. இப்ப இந்தப் பூட்டை வெட்டப் போறேன். டைம்கீப்பரும் மெக்கானிக்கும் பாத்துக்கிட்டு இருக்காங்க. உன் ஃப்ரிட்ஜ், உன் ஸ்கூட்டர் எதையும் தொட மாட்டேன். நான் டெப்போவுக்குப் போறப்ப வேற பூட்டுப் போட்டு சாவியை மெக்கானிக்கிட்ட கொடுத்து வைக்கிறேன், உன் சாமானுக்குக் காவலா. சாயந்தரம் வா. உக்காந்து பேசுவோம். எங்களுக்குச் சாவி இல்லாத பூட்டை இனிமே நீ போட்டா, அதையும் உன் கண் முன்னாலயே வெட்டுவேன். உன்மேல கை வைக்க மாட்டேன். ஆனா பேசாமலும் இருக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வாத்தியார் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "வெட்டுங்க" என்றார். பூட்டு இரண்டு துண்டாக விழுந்தது. அந்த அம்மா எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி வேகமாக நடந்தார்.

சாயந்தரம் வாத்தியார் என்னையும் வரச் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்" என்றார். படிக்கட்டு ஓரத்தில் மூன்று நாற்காலி. தம்பி முதலில் விறைப்பாக இருந்தார். அண்ணன் தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அவர் வெடித்தார்.

"பூட்டை ஏன் மாத்தினேன்னு ஒரு நாளாவது கேட்டியா? கேட்டைத் தொறந்து போட்டுட்டு வேலைக்குப் போனே. ரெண்டாவது தடவையும் திருட்டுப் போச்சு. நான் வந்து சொன்னேன். நீ என்ன பண்ணினே? சிரிச்சே. 'பாத்துக்கலாம்டா'ன்னுட்டு மேல போயிட்டே. உன் அந்தச் சிரிப்பு இருக்கே, அதுக்கு நீ என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்."

கேட்டைத் திறந்து போட்டது வாத்தியாருக்கு ஞாபகமே இல்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்பைத் தன் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான்," என்றார். "உன்னை அவமானப்படுத்தணும்னு சிரிக்கல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நடுவில் இரண்டு தடவை தம்பி எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். முடிவாகக் கேட் இருக்கும், பூட்டுக்கு மூன்று சாவி. அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொன்று. வாத்தியார் மனைவியிடம் ஒன்று தனியாக. கடைசியாக வெளியே போகிறவர் பூட்ட வேண்டும். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் பொய். தம்பி அதற்கப்புறமும் மாடிக்கு வந்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே கேட்டைத் திறந்துகொண்டு வேலைக்குப் போனார்.

வகுப்பு மாறியது. படத்தை நிறுத்தி "இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்பதோடு விடாமல், "இவர் வாயைத் தொறந்து என்ன சொல்லணும்? எழுந்து நின்னு சொல்லிக் காட்டுங்க" என்றார். முரட்டு ஆட்கள் எல்லாம் திணறுவார்கள். "எனக்கு இது வலிக்குது" என்கிற மூன்று வார்த்தையைச் சொல்ல முடியாமல் வேர்த்துப்போய் உட்கார்ந்த டிரைவர்களை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் அவர் மனு எழுதவில்லை. மேனேஜரிடம் நேரில் போனார். "இந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுது சார்" என்று சொல்லியே விட்டார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார், பரிசீலிப்பதாகச் சொன்னார். இரண்டு மாசத்தில் சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். அதைக் காட்டி என்னிடம், "மூச்சு முட்டுதுன்னேன், காத்து குடுத்துட்டாங்க. கேட்டது நடந்துடுச்சுய்யா" என்றார். சிரித்தார்தான், ஆனால் உடனே, "எனக்கு ஆத்திரமா வருது" என்றும் சொன்னார். அது பழைய சிரிப்பு இல்லை.

அதற்கப்புறம் நான்கு வருஷம் அதே அறையில்தான் இருந்தார். ரிட்டையர் ஆவதற்கு ஒரு வாரம் முன்னால், கடைசி நாளில் ஒரே ஒரு டிரிப் கண்டக்டராகப் போக அனுமதி கேட்டார். அவருடைய கண்டக்டர் லைசென்ஸ் காலாவதியாகி ஒன்பது வருஷம் ஆகிறது, விதியில் இடமில்லை என்றார்கள். அவர் இடத்துக்கு ஸ்பேனர் அக்காவைக் கேட்டார்கள். "என்னை அந்தக் கிடங்குல அடைக்காதீங்க. வண்டியை விட்டு எறங்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் வந்தார். படம் போடுவார், நடுவில் நிறுத்தாமல் முழுக்க ஓட்டிவிடுவார்.

வாத்தியார் கடைசி நாள் சாயந்தரம் நோட்டைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்பேனர் அக்கா ஓட்டுகிற ஐந்து நாற்பது வண்டியில் டிக்கெட் வாங்கி ஏறினார். சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. வண்டி டெப்போ கேட்டைத் தாண்டித் திரும்புகிறபோது பார்த்தேன். ஒரு காலத்தில் கம்பியே பிடிக்காமல் நின்றவர், இரண்டு கையாலும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கிளம்பிய நேரத்தை ஏட்டில் எழுதினேன்.